பலூடா கொடுத்தல்

மூணு பேரும் என்று எதுக்கு எழுதினாள், வாங்க என்று மட்டும் எழுதியிருந்தால் கை தேய்ந்தா போகும், என்று மார்த்தாண்டத்தில் பஸ் ஏறியதிலிருந்து பத்தாவது தடவையாக ரெஜின் போனை எடுத்துப் பார்த்தான். "அண்ணா, நாலு மணிக்கு வடசேரி பலூடா கடைக்கு வாங்க. நாங்க மூணு பேரும் அங்க இருப்போம்." அவ்வளவுதான். கீழே ஒரு சிரிப்புப் பொம்மை கூட இல்லை. அனுப்பியது ஜெர்லின், கிடார் வாசிக்கிறவள், பாண்டில் சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகிறது. பாண்டில் மொத்தமே நாலு பேர். நாலில் மூணு போனால் மிச்சம் எத்தனை என்று கண்டுபிடிக்க பிளஸ் டூ பாஸாகணும் என்று இல்லை, ரெஜின் பாஸாகவும் இல்லை, பாதியில் நின்றவன். மூணு பேரும். பேரும் என்பதில் அந்த உம் இருக்கிறதே, அது ஏற்கெனவே உட்கார்ந்து பேசி முடித்தவர்கள் போடுகிற உம். அதுவும் எந்தக் கடை. நாகர்கோவிலில் டீக்கடை இல்லையா, ஜூஸ் கடை இல்லையா, சும்மா நிற்பதற்கு ஒரு மரத்தடி இல்லையா. பலூடா கடை. கடந்தை என்கிற இந்தப் பாண்டில் ஒருத்தனை பலூடா கடைக்குக் கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு, அந்த அர்த்தத்தை உண்டாக்கினவனே ரெஜின்தான், ஒருவேளை அவளுக்கு அது தெரியாதோ, சின்னப் பிள்ளை, வெயிலுக்கு நல்லாயிருக்கும் என்று சொல்லியிருப்பாளோ, ஆனால் பாண்டில் பாடுகிற டென்சிங்குக்குத் தெரியுமே, டென்சிங்குக்கு மூணு தடவை போன் போட்டாச்சு, மூணு தடவையும் எடுக்கவில்லை, நாலாவது தடவை பிஸி என்று வந்தது, பிஸி என்றால் உயிரோடுதான் இருக்கிறான், எடுக்க மனசில்லை, அவ்வளவுதான்.

மடியில் பைக்குள் பாஸ் கிடார் குறுக்கே கிடந்தது. இதை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டாம். அனுப்பப்போகிற ஆளை வாத்தியத்தோடு வா என்று யாரும் கூப்பிடவில்லை, ஆனால் பெயிண்ட் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் சட்டை மாற்றினபோது கை தானாக அதை எடுத்தது. பக்கத்து சீட்டில் சீலிங் ஃபேன் பெட்டியை மடியில் வைத்திருந்த ஆள் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். "உள்ள என்ன தம்பி, வீணையா?" பாஸ் என்றான் ரெஜின். "பாஸுன்னா?" கிடார் மாதிரி, நாலு கம்பி. "கிடாருக்கு ஆறுல்லா? மிச்சம் ரெண்டு எங்க?" உண்மையைச் சொன்னால் அவன் பாஸ் எடுத்ததே அந்த ரெண்டு கம்பி குறைச்சலுக்காகத்தான். பதினொண்ணாம் வகுப்பில் அவனும் சுபினும் பாண்டு தொடங்கலாம் என்று முடிவு செய்தபோது, சுபினுக்கு சிங்காரி மேளம் தெரியும், அதனால் டிரம்ஸ் அவனுக்குப் போயாச்சு, மிச்சம் இருந்ததில் எது சுலபம் என்று பார்த்தார்கள், நாலு ஆறைவிடக் குறைவு, தீர்ந்தது. "கல்யாணத்துக்கு வாசிப்பியளா? அடுத்த மாசம் மவளுக்குக் கல்யாணம் வருகு." எங்க பாட்டெல்லாம் ஒவ்வொண்ணும் நாற்பது செகண்டுதான் அண்ணாச்சி, ஹார்ட்கோர் பங்க் பாதி, மெட்டல் பாதி, ஒரே அலறலா இருக்கும். அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் நல்லதுதான. சீக்கிரம் பந்திக்குப் போயிரலாம்." ரெஜினுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாசிப்பியளா என்று கேட்டதே உள்ளே போய்க் குத்திக்கொண்டு நின்றது. வாசிப்பேன் என்று இனிமேல் எந்த வாயால் சொல்ல.

சாமியார்மடம் தாண்டி ரப்பர் தோட்டம் வந்ததும் அந்தப் புளிச்ச வாசனை உள்ளே அடித்தது, உடனே புகை அறை ஞாபகம். டென்சிங்கின் அப்பா ரப்பர் ஷீட்டைத் தொங்கப் போட்டுப் புகை காட்டுகிற அறை அது, அதில்தான் வாரம் தவறாமல் சனிக்கிழமை பிராக்டீஸ். சுவர் தெரியாமல் ஷீட்டு தொங்கும், எவ்வளவு அலறினாலும் வெளியே சத்தம் போகாது. ரப்பர் விலை விழுந்தால் அப்பா ஷீட்டை விற்காமல் வைத்திருப்பார், பாண்டுக்கு யோகம். விலை ஏறினால் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிடுவார், மொட்டைச் சுவர், முதல் அடியிலேயே நாலாவது வீட்டு ஆள் வந்து நிற்பார். ஊரெல்லாம் ரப்பர் விலை ஏறணும் என்று ஜெபம் பண்ணும்போது இவர்கள் நாலு பேர் மட்டும் விழணும் என்று ஜெபம் பண்ணினார்கள். அங்கேதான் அனீஷ் வந்தான், முதல் கிடார். கல்யாண வீடுகளில் பாடுகிற கானமேளா குழுவில் வாசித்துப் பழகின கை, நல்ல கை, ஆனால் சவம் சிரிச்சுக்கிட்டே வாசிக்கும். உலகம் எரிகிறது என்று பாட்டு அலறுகிறது, பக்கத்தில் இவன் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்ப்பது போல எல்லாரையும் பார்த்துத் தலையாட்டிச் சிரிக்கிறான். நாற்பது செகண்டில் பத்து செகண்டு இழைய இழைய ஒரு ராகம் வேறு. நீதான் தலைவன், நீயே சொல்லு என்று மற்றவர்கள் ரெஜினைத் தள்ளிவிட்டார்கள். வடசேரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். சொல்ல வாய் வரவில்லை. மக்கா, நீ சிரிக்கே, அதனால வேண்டாம் என்று ஒருத்தனிடம் எப்படிச் சொல்வது. பயத்தில் கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்து மெனுவில் பெரிசு எதுவோ அதை ஒண்ணே ஒண்ணு சொன்னான், அதுதான் பலூடா. உயரமான கண்ணாடி டம்ளரில் சேமியா, சப்ஜா விதை, ஐஸ்கிரீம், மேலே ஒரு செர்ரி. அனீஷ் பாதி வரை சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தான். "எனக்கு மட்டும் வாங்கித் தந்திருக்கே. வேற ஆள் பாத்தாச்சு, அப்படித்தானே?" ரெஜின் தலையை ஆட்டினான். அனீஷ் மீதியையும் சாப்பிட்டான், செர்ரியைக் கடைசியில் சாப்பிட்டான், கையைத் துடைத்தான், சிரித்துக்கொண்டே போய்விட்டான். சண்டை இல்லை, அழுகை இல்லை. இவ்வளவு நீள ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு எவனாலும் கோபப்பட முடியாது என்று ரெஜின் கண்டுபிடித்தது அன்றைக்குத்தான். பெரிய விஞ்ஞானி மாதிரி வந்து எல்லாரிடமும் சொன்னான். அதற்குப் பிறகு யாரையாவது அனுப்பணும் என்றால் நீக்குவது என்ற வார்த்தையே பாண்டில் கிடையாது. பலூடா கொடுத்தாச்சா, எப்போ கொடுக்கப்போறே, இப்படித்தான் பேச்சு.

அழகியமண்டபத்தில் பஸ் ரொம்ப நேரம் நின்றது. இறங்கினால் என்ன. காய்ச்சல் என்று மெசேஜ் போட்டால் என்ன. போட்டாலும் நாளைக்குக் கூப்பிடுவார்கள், பலூடா எங்கே போகப்போகிறது. ஷாஜி செய்தது போலச் செய்யலாம். ஷாஜிதான் முதல் பாடகன், கத்தச் சொன்னால் ஒவ்வொரு வார்த்தையையும் திருத்தமாக உச்சரிப்பான், செய்தி வாசிக்கிறாப்போல இருக்கும். கடைக்குக் கூட்டிப்போனால், "எனக்கு இனிப்பு சேராது, ஒரு கட்டன் சாயா போதும்" என்றான். அவ்வளவுதான், முறை முறிந்துபோயிற்று. பலூடா சாப்பிடாதவனை எப்படி அனுப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. மூணு வாரம் தொடர்ந்து கூட்டிப்போனார்கள், மூணு வாரமும் பால் போடாத அந்தக் கட்டன் சாயா. கடைசியில் அவனே வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போய்த் தொண்டை கட்டித் திரும்பி வந்து, மன்னிச்சிருங்க மக்கா, என்னால முடியல என்றான். எல்லாரும் அவனைக் கட்டிப் பிடித்தார்கள், ரெஜினுக்குக் கண்ணீர் கூட வந்தது, அசிங்கம். அதைவிட அசிங்கம் சுபின் விஷயம். கூடத் தொடங்கினவன். மேளக்காரன் கை, நின்று நிதானமாகத் தோளை ஆட்டி ஆட்டி அடிப்பான், கேட்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் நாற்பது செகண்டு பாட்டு அவன் கையில் ஒண்ணரை நிமிஷம் ஓடும். ரெஜின் கூட்டிப்போனான், வாங்கிக் கொடுத்தான், சுபின் ருசித்துச் சாப்பிட்டான், "கொள்ளாம்லே, நல்லாருக்கு, தேங்க்ஸ்" என்றான், சனிக்கிழமை சரியாக மூணு மணிக்குக் குச்சியோடு வந்து நின்றான். புது ஆள் அகில் அப்போது டிரம்ஸில் உட்கார்ந்திருக்கிறான். இவன் யாரு என்றான் சுபின். எல்லாரும் ரெஜினைப் பார்த்தார்கள். ரெஜின் வாயில் என்ன வந்தது தெரியுமா, "இனிமே நமக்கு ரெண்டு டிரம்மர்." நாலு மாசம் ரெண்டு டிரம்மர். புகை அறையில் ஒரு பக்கம் அகில் ரயில் மாதிரி ஓட, இன்னொரு பக்கம் சுபின் தேர் மாதிரி வர, நடுவில் பாட்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. சுபினுக்குக் கப்பல் வேலை கிடைத்துப் போனபிறகுதான் தீர்ந்தது. இப்போதும் அவன் போன் படத்துக்குக் கீழே டிரம்மர், கடந்தை என்றுதான் போட்டிருக்கிறான். ஒரு வாக்கியம். நீ மெதுவா வாசிக்கே. மூணே வார்த்தை. அதைச் சொல்வதற்குப் பயந்து இன்னொரு டிரம் செட்டையே வாடகைக்கு எடுத்தவன் ரெஜின்.

தக்கலையில் கூட்டம் ஏறியது, யாரோ பையில் இடித்தார்கள், பாஸின் கம்பி உள்ளே ம்ம் என்றது. கேட்காதே. நீ பேசாதே. உன்னால்தான் எல்லாம். போன ஞாயிற்றுக்கிழமையை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து கட்டிப் போட்டிருந்தான், இப்போது அவிழ்ந்துவிட்டது. ஜெர்லின் வந்ததே வேற மாதிரி. ஊர் இளைஞர் மன்றத்து ஆண்டு விழாவில் இவர்களுக்கு மேடை கொடுத்தார்கள், வழுக்கு மரத்துக்கும் பரிசளிப்புக்கும் நடுவில். நாலு பாட்டையும் மூச்சு விடாமல் வாசித்து முடித்து வேர்த்து நிற்கிறார்கள், மைக்கில் செயலாளர், "சவுண்ட் செக்கிங் முடிஞ்சாச்சுல்லா தம்பிகளே, இனி பாட்டைப் பாடுங்க" என்றார். மேடைக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றபோதுதான் ஒரு பெண் வந்தாள், ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கிறவள், வணக்கம் இல்லை, நல்லாயிருந்தது இல்லை, நேரே டென்சிங்கிடம், "அண்ணா, உங்க கிடாருல மூணாவது கம்பி இறங்கிக் கிடக்கு, பாட்டு முழுக்க" என்றாள். அப்போது டென்சிங்தான் கிடாரும் வாசித்துக் கத்தவும் செய்துகொண்டிருந்தான், அனீஷ் போனதும் கிடாரை எடுத்தவனும் அவன், ஷாஜி போனபிறகு கத்தவும் வேறு ஆள் இல்லை, புகை அறை அவன் அப்பாவுடையது என்பதால் யாரும் கேட்கவும் இல்லை. அவள் கிடாரை வாங்கி முறுக்கினாள், வாசித்தாள். நாலு பேருக்கும், இல்லை, அப்போ மூணு பேர், மூணு பேருக்கும் வாய் மூடவில்லை. மூணு பேரும். பார், அந்த வார்த்தை எங்கே போனாலும் வருகிறது. அவள்தான் போன ஞாயிறு, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்யலாம் என்று ஒரு டப்பாவையும் லேப்டாப்பையும் கொண்டுவந்தாள். வாசித்தார்கள். பிறகு அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டாள், பாஸை மட்டும் போட்டாள், ரெண்டாவது பாட்டு. அகில்தான் முதலில் சொன்னான், "இது மூணாவது பாட்டுல்லா?" அவள் மூணாவது பாட்டைப் போட்டாள். அதுவும் அதேதான். ரெண்டு வருஷமாக ரெண்டாவது பாட்டுக்கு ரெஜின் மூணாவது பாட்டை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்த அலறலில், அந்த இடியில், அது யாருக்கும் கேட்டதில்லை, அனீஷுக்குக் கேட்டதில்லை, சுபினுக்குக் கேட்டதில்லை, வாசிக்கிற ரெஜினுக்கே கேட்டதில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் பயங்கரம். டென்சிங் தொங்குகிற ஷீட்டைத் தடவிப் பார்த்து, காய்ஞ்சிட்டு போல என்றான். எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கே ரெஜினுக்குத் தெரியும். இவ்வளவு மரியாதையாக அமைதியாக இருந்தால் அடுத்தது என்ன என்று, அந்த அமைதியைப் பழக்கிக் கொடுத்தவனுக்குத் தெரியாதா.

வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை. பஸ் இப்படி ஓட வேண்டிய அவசியம் என்ன, மற்ற நாளெல்லாம் மாட்டு வண்டி மாதிரிதானே போகும். பாண்டு இல்லாவிட்டால் என்ன, உலகத்தில் எத்தனையோ பேர் பாண்டு இல்லாமல் இருக்கிறார்கள், ஃபேன் பெட்டி அண்ணாச்சி இல்லையா, ஜம்மென்று தூங்குகிறார். ஆனால் அவரிடம் யாரும், படிப்பை ஏண்டே விட்டே என்று கேட்பதில்லையே. ரெஜினிடம் கேட்பார்கள், மாமா கேட்பார், பாஸ்டர் கேட்பார், கடைக்கு பெயிண்ட் வாங்க வருகிற பழைய கெமிஸ்ட்ரி சார் கேட்பார், எல்லாருக்கும் ஒரே பதில்தான், பாண்டுக்காக விட்டேன். சொல்லும்போது தோள் தானாக விரியும். பொய். சுத்தப் பொய். கணக்கு வரவில்லை, இன்டகிரேஷன் என்று சார் போர்டில் அந்தக் கொக்கியைப் போட்டாலே தலையை டெஸ்க்குக்குக் கீழே விடுவான், அரையாண்டில் இருநூறுக்குப் பதினெட்டு, அதனால்தான் விட்டான். பாண்டு நல்ல வேளையாகப் பக்கத்தில் இருந்தது, அதன் தலையில் போட்டான். இப்போ பாண்டும் போனால் அந்தப் பொய்க்கு நிற்க இடம் இல்லை. கணக்கும் வராதவன், நாலு கம்பியும் வராதவன். கெமிஸ்ட்ரி சார் அடுத்த தடவை எமல்ஷன் வாங்க வரும்போது என்ன சொல்வான், பலூடா சாப்பிட்டேன் சார் என்றா. பார்வதிபுரம் பாலத்தில் பஸ் ஏறியது. கீழே ஊர் தெரிந்தது. ஷாஜி மாதிரி கட்டன் சாயா கேட்கலாம். சுபின் மாதிரி சாப்பிட்டுவிட்டு ஒண்ணும் புரியாதவனாகச் சனிக்கிழமை போய் நிற்கலாம். ரெண்டு பாஸ். யோசித்தால் நல்ல யோசனைதான். யோசித்தால் கேவலமான யோசனைதான். வடசேரி வந்துவிட்டது. "தம்பி, மவ கல்யாணத்த மறந்திராத" என்று ஃபேன் பெட்டிக்காரர் இறங்கினார். நம்பர் கூட வாங்கவில்லை மனுஷன்.

கடையில் மூணு பேரும் சுவரோர மேஜையில் இருந்தார்கள், டென்சிங்கும் அகிலும் ஒரு பக்கம், ஜெர்லின் எதிரே, அவள் பக்கத்து நாற்காலி காலி. மேஜையில் தண்ணீர் டம்ளர் மட்டும். டென்சிங் மெனுவைப் படித்துக்கொண்டிருந்தான், ஒரு பக்க மெனு, அதை ஒருத்தன் எவ்வளவு நேரம் படிப்பான். ரெஜின் உட்காரவில்லை. "வாங்கலியா இன்னும்?" என்றான். "என்னது?" என்றாள் ஜெர்லின். "பலூடா." "எனக்கு அது பிடிக்காதுண்ணா, மருந்து வாசம் அடிக்கும். டென்சிங் அண்ணன்தான் இந்தக் கடைன்னு அடம் புடிச்சாரு." ரெஜின் டென்சிங்கைப் பார்த்தான். டென்சிங் மெனுவின் பின்பக்கத்தைத் திருப்பினான், அங்கே ஒன்றும் அச்சடிக்கவில்லை. "ஏசி இருக்குன்னு சொன்னேன்லே" என்றான். அகில் ஜன்னலைப் பார்த்தான். வேலைக்காரப் பையன் வந்து என்ன வேணும் என்று நிற்க, டென்சிங் மெல்ல, "ஒரு பலூடா" என்று தொடங்கினான், ஒரு என்றான், நாலு என்று சொல்லவில்லை, அதற்குள் ஜெர்லின் கையை நீட்டி மறித்தாள். "பொறுங்க. முதல்ல பேசுவோம். ரெஜின் அண்ணா, நீங்க ரெண்டாவது பாட்டத் தப்பா வாசிக்கீங்க."

அடேயப்பா. இதுதானா. இவ்வளவுதானா வார்த்தை. மூணு வருஷத்தில் இந்தப் பாண்டில் ஒருத்தர் இன்னொருத்தர் முகத்தைப் பார்த்து இப்படி ஒன்றைச் சொன்னதே இல்லை, கூரை இடியவில்லை, ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வலித்தது. நன்றாகவே வலித்தது, பல்லைப் பிடுங்கின மாதிரி, நாக்கு அந்த இடத்தையே போய்ப் போய்த் தொடும் அல்லவா, அப்படி. "தெரியும்" என்றான். "தெரியும்னா பின்ன ஏன் ஒரு வாரமா போன் பண்ணல?" "நீங்க எல்லாம் சேர்ந்து..." "நாங்க எல்லாம் சேர்ந்து ஒண்ணும் இல்ல. இவங்க ரெண்டு பேரும் வேற ஆள் பாக்கலாம்னு சொன்னாங்க. கேட்டுச் சொல்லுவோம்னு நான் சொன்னேன்." அகில், "நான் சொல்லல, தலையத்தான் ஆட்டினேன்" என்றான். அவள் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. "அடுத்த ஞாயிறு தக்கலை மன்றத்துல வாசிக்கோம். சனிக்கிழமைக்குள்ள ரெண்டாவது பாட்டு உங்களுக்கு வருமா வராதா?" வரும் என்று சொல்ல ரெஜின் வாயைத் திறந்தான். பழைய பழக்கம், யாரையும் சங்கடப்படுத்தாத பதில், ரெண்டு டிரம்மர் மாதிரி பதில். "தெரியல" என்றான். "எனக்கு அது எப்படிப் போகும்னே தெரியாது. நான் சரியாக் கேட்டதே இல்ல." சொன்னபிறகு அந்தக் காலி நாற்காலியில் தானாக உட்கார்ந்துவிட்டான். ஜெர்லின் தலையை ஆட்டினாள். "அப்போ சனிக்கிழமை சாயங்காலம் பாப்போம். வரலன்னா வேற ஆளு. அத நானே உங்ககிட்ட சொல்லுவேன், போன்ல இல்ல, நேர்ல. இப்ப அத எடுங்க."

எடுத்தான். ஆம்ப்ளிஃபயர் இல்லாத பாஸ் கொசு மாதிரிதான் கேட்கும், காதைக் கிட்டே வைக்கணும். அவள் விரலைப் பிடித்து வைக்கவில்லை, தொடவே இல்லை, முதல் கம்பி மூணாவது கட்டை, இப்போ அஞ்சு, இல்ல, அஞ்சு, திரும்பி மூணு என்று கரண்ட் லைன் இழுக்கிறவள் மாதிரி சொல்லிக்கொண்டே போனாள், ரெஜின் தப்பு விட்டான், திரும்ப என்றாள், தப்பு விட்டான், திரும்ப. விரல் அவன் பேச்சைக் கேட்காமல் மூணாவது பாட்டுக்கே ஓடியது, ரெண்டு வருஷப் பழக்கம் அது, ஒவ்வொரு தடவையும் காதைப் பிடித்து இழுத்துவர வேண்டியிருந்தது. பக்கத்து மேஜைக் குழந்தை ஸ்பூனை வாயில் வைத்தபடி பார்த்தது. பதினஞ்சாவது தடவையோ இருபதாவது தடவையோ, பாதிப் பாட்டு சரியாக வந்தது. ரொம்ப மெதுவாக, ஆனால் சரியாக. ரெஜின் நிறுத்தினான். தன் சொந்தப் பாண்டின் ரெண்டாவது பாட்டை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறான். இன்னொரு முறை வாசித்தான், சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள. பிறகு தலையை நிமிர்த்தி, அந்தப் பாட்டைக் கட்டினவனான டென்சிங்கைப் பார்த்தான். அந்தப் பழைய பயம் வந்தது, வரட்டும். "மக்கா," என்றான், "இந்தப் பாட்டு கொள்ளாது."

டென்சிங் மெனுவைக் கீழே வைத்தான். "என்னது?" "கொள்ளாதுலே. நடுவுல ஒண்ணுமே இல்ல. வெறும் உப்புமா." "லே, பாட்டத் தப்பா வாசிச்சவன் நீ, நீ என் பாட்டச் சொல்லுதியா?" டென்சிங் எழுந்தே நின்றுவிட்டான், புகை அறையில் கத்துகிற அதே தொண்டை, கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார், அகில் இதுதான் சமயம் என்று, "உண்மையச் சொன்னா எனக்கும் அது பிடிக்காது" என்றான், டென்சிங் அவன் பக்கம் திரும்பினான், ஜெர்லின் மேஜையில் விரலால் தாளம் தட்டி, "சண்டைய அப்புறம் போடுங்க. அண்ணா, மூணாவது கட்டையிலருந்து" என்றாள், ரெஜின் காதைக் கம்பியோடு ஒட்டிவைத்துக்கொண்டு மூணாவது கட்டையிலிருந்து தொடங்கினான்.